கொடுத்த விருதைத் திரும்ப வாங்குகிறவன்

விருது கொடுக்க ஆள் கிடைத்துவிடும். வாங்கவும் ஆள் கிடைத்துவிடும். வாங்கியவர் கையிலிருந்து அதைத் திரும்ப வாங்குவதற்குத்தான் ஆள் கிடைக்காது. அந்த வேலையை நான் ரொம்ப வருஷம் பார்த்தேன்.

நம்பக் கஷ்டமாக இருக்கும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், உங்களுக்கும் நடந்திருக்கும். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் தலைமை விருந்தினர் கையால் கோப்பை வாங்கி, போட்டோவுக்குச் சிரித்துவிட்டுக் கீழே இறங்கினால், பி.டி. வாத்தியார் "குடுறா, அடுத்தவனுக்கு வேணும்" என்று பிடுங்கிக்கொள்வார் இல்லையா? அதே வேலைதான். நான் பார்த்தது ஒரு டெலிவிஷன் சேனல் நடத்தும் சினிமா, சீரியல் விருது விழாவில். அங்கே மாணவர்களுக்குப் பதில் நட்சத்திரங்கள். வாத்தியார் அதட்டி வாங்குவார், நான் "வாழ்த்துகள்" சொல்லி வாங்குவேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள், கோப்பையும் கேடயமும் செய்து பேர் பொறித்துக் கொடுக்கும் கடையில் நான் வேலை பார்த்தேன். எட்டாவதோடு நின்றவன். மீதி எழுத்தெல்லாம் பித்தளைத் தகட்டில் ஊரார் பேரைப் பொறித்துப் பொறித்துப் பழகியது. சேனலின் விருதுகள் எங்கள் கடையில்தான் தயாராகும். ஆனால் யாருக்கு எந்த விருது என்பது மேடையில் விளக்கு எரியும்வரை முடிவாகாது. ரகசியம் காப்பதற்காக அல்ல. யார் யார் நேரில் வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது, வந்தவருக்குத்தான் விருது. அதனால் முன்கூட்டிப் பேர் பொறிக்க வழியில்லை. பேர் இல்லாத மூன்று கோப்பைகளை மேடையில் சுற்ற விடுவார்கள். வலது பக்கத்திலிருந்து தட்டில் ஏறும். நட்சத்திரம் அதை வாங்கி, முத்தம் கொடுத்து, நன்றி சொல்லி, இடது பக்கப் படியில் இறங்குவார். படியடியில் நான் நிற்பேன். கையிலிருப்பதை வாங்கித் திரைக்குப் பின்னால் மறுபடி வலது பக்கம் அனுப்பிவிடுவேன். பிற்பாடு பேர் பொறித்த கோப்பையை நானே அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன்.

முதல் விழா முடிந்து வீட்டுக்கு வந்து, இது என்ன பிழைப்பு என்று புலம்பினேன். என் மனைவி அப்போது இருந்தாள். அரிசி களைந்துகொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "பிடுங்கறதுதான் பிடுங்கறீங்க, கொஞ்சம் சிரிச்ச முகமாப் பிடுங்குங்க."

மத்தியானத்தில் ஓர் இனிய இரவு

விருது இரவு என்பது பேருக்குத்தான். ஒளிபரப்பு ஏதாவது பண்டிகை அன்று இருக்கும். படம் பிடிப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிடுவார்கள். வெளியே இளநீர்க்காரர் வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்பார். உள்ளே இளங்கோ, "நட்சத்திரங்கள் இறங்கி வந்திருக்கும் இந்த இனிய இரவில்..." என்று தொடங்குவார்.

இளங்கோதான் விழாவின் தொகுப்பாளர். உயரமான மனிதர். கோட்டு போட்டால் கோட்டுக்கு அழகு. அவர் குரலுக்கு அந்த மண்டபமே கட்டுப்படும். "பலத்த கரகோஷம்" என்றால் கைதட்டுவார்கள், "எழுந்து நின்று" என்றால் எழுந்து நிற்பார்கள். இடைவேளை விட்டதும் நேராக நான் நிற்கும் இடத்துக்கு வந்து ஷூவைக் கழற்றிவிட்டுப் படியில் உட்காருவார். ஷூ சேனலுடையது, கால் அவருடையது. இரண்டும் ஒத்துப்போனதே இல்லை.

அப்படி உட்கார்ந்திருந்தபோது ஒருநாள் சொன்னார்: "அண்ணே, இந்தக் கோப்பையைத் தொடாத ஆளே இங்க கிடையாது. டீ குடுக்கிறவர்கூட பிடிச்சு போட்டோ எடுத்து வாட்ஸப்புல வச்சிருக்கார். எனக்கு ஒரே ஒரு ஆசை. நான் கீழ மாலதி பக்கத்துல உட்கார்ந்திருக்கணும். யாராவது என் பேரைக் கூப்பிடணும். மேல போய் அவ பேரைச் சொல்லி நன்றி சொல்லிட்டு இறங்கிடணும்." மாலதி அவர் மனைவி. அடையாறில் ஒரு வங்கியில் வேலை. இவர் கல்யாண வீட்டுக் கச்சேரிகளில் மைக் பிடித்து அலைந்த காலத்தில் அவர் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. இவருக்கு வேலை எல்லாம் ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும். அந்த அம்மாவுக்கு ஓய்வும் ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது அபூர்வம்.

"சேனல்ல கேட்டுப் பார்க்கறதுதானே?" என்றேன். இளங்கோ ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டே சொன்னார்: "கேட்டேன் அண்ணே. நீங்க கீழ உட்கார்ந்துட்டா உங்களை மேல கூப்பிடறது யாருன்னு கேக்கறாங்க."

வில்லனின் டிரைவர்

ஒரு வில்லன் நடிகர். திரையில் கதவை உடைத்துக்கொண்டுதான் வருவார். நேரில் கொசுவை விரட்டக்கூடக் கூச்சப்படுவார். அந்த வருஷம் அவருக்கு முதல் விருது. கோப்பையோடு படியில் இறங்கும்போது அவர் போன் அடித்தது. பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்ற டிரைவரிடம் கோப்பையைக் கொடுத்துவிட்டு, பேசிக்கொண்டே ஓரமாகப் போய்விட்டார். நான் கையை நீட்டுவதற்குள் டிரைவர் கோப்பையைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டார். பின்னாலேயே ஓடினேன். கார் நிறுத்துமிடத்தில் பார்த்தால், முன் சீட்டில் கோப்பையை உட்காரவைத்து, அதற்கு பெல்ட்டும் போட்டாகிவிட்டது.

"அண்ணே, அது மேடைக்கு வேணும். பேர் பொறிச்சு கொட்டிவாக்கம் வீட்டுக்கே கொண்டுவந்து குடுத்துடுவோம்" என்றேன்.

"இன்னா நைனா கதை வுட்ற? அல்லாரும் கை தட்டிக்கினு கீறப்போ குட்த்தாங்க. இப்ப பொறத்தால வந்து புட்ங்கினு போறேன்றியே, நாயமா இது?"

வில்லன் அதற்குள் வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டு, "குடுத்துடு மணி, பாவம் அவருக்கு லேட்டாவுது" என்று ரொம்ப மெதுவாகச் சொன்னார். மணி பெல்ட்டைக் கழற்றினார். சட்டைத் துணியால் ஒருதரம் கோப்பையைத் துடைத்தார். என் கையில் வைத்தும் விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அல்லா படத்துலயும் ஈரோ கைல ஒதை வாங்கிக்கினு வந்த மன்சன், மொத தபா நல்லதா ஒண்ணு வாங்கிக்கிறாரு. பாத்து எட்த்துக்கினு போ நைனா."

உதட்டுச் சாயம்

மூன்றே கோப்பைகள் சுற்றுவதில் ஓர் ஆபத்து உண்டு. யாருக்கும் தோன்றாத ஆபத்து. சிறந்த புதுமுக நாயகி விருதை வாங்கிய பெண் உணர்ச்சிவசப்பட்டு கோப்பைக்கு அழுத்தி ஒரு முத்தம் கொடுத்தாள். துடைக்க எனக்கு நேரம் கொடுக்கவில்லை. கோப்பை திரைக்குப் பின்னால் ஓடி, வலது பக்கம் ஏறி, சிறந்த நாயகன் கைக்கு வந்துவிட்டது. அவரும் உணர்ச்சிவசப்பட்டார், அதே இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம். அப்புறம் உதட்டில் சிவப்புச் சாயத்தோடு குடும்ப வாழ்க்கையின் மேன்மையைப் பற்றிப் பேசினார். வெளிச்சம் அடித்த அடியில் கடைசி வரிசைவரை தெரிந்தது.

யாரோ போனில் எடுத்ததை மறுநாள் காலையிலேயே யூடியூபில் வட்டம் போட்டுக் காட்டிவிட்டார்கள். பேர் பொறித்த கோப்பையை அடையாறில் அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவர் இல்லை. மனைவி உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். காபி வந்தது. இந்த வேலையில் எனக்குக் காபி கொடுத்த வீடுகள் குறைவு, அதனால் உஷாரானேன். "பெரியவரே, உங்க வயசுக்குப் பொய் சொல்ல மாட்டீங்க. அது கோப்பையில இருந்ததுதானா?" என்றார். கோப்பைதான் அம்மா, என் கையால் எடுத்துக் கொடுத்தேன் என்று நடந்ததைப் படிப்படியாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். காலி டம்ளரை எடுத்துக்கொண்டார். உள்ளே போகத் திரும்பியவர் நின்று சொன்னார்: "கோப்பைதான்னு நம்பறேன். கோப்பைக்கு எதுக்கு அவ்வளவு நேரம்?"

மூன்று மாமியார்கள்

விழாவுக்கு முந்தைய வாரம் முழுக்க நிகழ்ச்சி தயாரிப்பாளர் சித்ரா மேடம் போனும் கையுமாக இருப்பார். "வர்றீங்கதானே மேடம்? கட்டாயம் வரணும்" என்று எல்லோரையும் கேட்பார். யாராவது இரண்டு பேர் வருகிறேன் என்றாலே விருதுக்குக் கிளை முளைத்துவிடும். ஒரு வருஷம் சீரியல் மாமியார்கள் மூன்று பேர் வருகிறேன் என்றுவிட்டார்கள். எப்போதும் இரண்டு பேருக்காவது ஷூட்டிங் இருக்கும், அந்த வருஷம் இல்லை. சிறந்த மாமியார், மக்கள் மனம் கவர்ந்த மாமியார், சிறந்த குணச்சித்திர மாமியார் என்று மூன்று விருதுகள் உண்டாயின. இளங்கோ மூன்றையும் ஒரே வியப்போடு அறிவித்தார். அந்தத் திறமை வேறு யாருக்கும் வராது.

சிறந்த மாமியார் இருப்பது மயிலாப்பூரில், எங்கள் கடையிலிருந்து நடக்கிற தூரம். சீரியலில் மருமகள் குடிக்கும் பாலில் எதையாவது கலந்துகொண்டே இருப்பவர். மணியை அழுத்தினேன். மருமகள் கதவைத் திறந்தாள், நிஜ மருமகள். தரமணியில் ஏதோ கம்பெனி, அன்று வீட்டிலிருந்தே வேலை போலிருக்கிறது. காதில் கருவி மாட்டியிருந்தாள். உள்ளேயிருந்து, "யாருடி வந்திருக்கா?" என்று சீரியலில் கேட்கும் அதே குரல் வந்தது. மருமகள் தகட்டைப் படித்தாள். மறுபடி படித்தாள். காதிலிருந்ததைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "இதுக்கு ஜட்ஜ் யாரு மாமா? எங்காத்துல வந்து யாரும் விஜாரிக்கவே இல்லையே?"

அழ வேண்டிய நேரம்

பார்வையாளர்களின் முகத்தை விழா தொடங்குவதற்கு முன்பே படம் பிடித்துவிடுவார்கள். அப்போதுதான் எல்லோரும் களைப்பில்லாமல் இருப்பார்களாம். மேடையில் ஒன்றும் நடக்காது. ஃப்ளோர் மேனேஜர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பார். "இப்ப எல்லாரும் கைதட்டுங்க. பத்தாது, இன்னும். போதும். இப்ப சிரிங்க, பெரிய ஜோக்கு. இப்ப வாயில கை வச்சு ஆச்சரியப்படுங்க." ஜனங்களும் செய்வார்கள். பாஸ் வாங்கிக்கொண்டு வந்தவர்கள், மறுக்க முடியாது.

கடைசியில், "இப்ப எல்லாரும் கண் கலங்குங்க, ரொம்ப உருக்கமான கட்டம்" என்றார். முன்வரிசையில் நல்ல வேட்டி சட்டையில் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். சுருக்கமாகத்தான் கேட்டார்: "அழறோம் தம்பி. போனது யாருன்னு சொல்லிட்டா கொஞ்சம் வசதியா இருக்கும்."

அண்ணாச்சி கைக்குப் போன கோப்பை

இளங்கோவின் ஆசைக்கு ஒருவழியாகச் சித்ரா மேடம் ஒப்புக்கொண்ட வருஷம் அது. விழா முடியும் தறுவாயில், மூத்த இயக்குநர் ஒருவர் மேடைக்கு வந்து மைக்கை வாங்கிக்கொள்வார். இளங்கோ இறங்கிப்போய் மனைவி பக்கத்தில் உட்காருவார். இயக்குநர் இவர் பேரைக் கூப்பிடுவார். ஐந்து நிமிஷம்தான், அதற்குமேல் மண்டபம் கிடையாது. மாலதி கத்தரிப்பூ நிறத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். இளங்கோ இடைவேளைக்கு இடைவேளை என்னிடம் வந்து, "கடிகாரம் சரியாத்தானே ஓடுது அண்ணே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கு முன்னால் சிறந்த ஆடை வடிவமைப்பாளர் விருது. கொடுப்பவர் விழாவுக்கு உபயம் செய்த தி.நகர் ஜவுளிக்கடை முதலாளி. தென்மாவட்டத்திலிருந்து வந்து, தெருவில் பாதியைக் கடையாக்கிய அண்ணாச்சி. தட்டில் வந்த கோப்பையை அவர் கையில் கொடுத்து, விருது பெறும் பெண்ணைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். அண்ணாச்சி கோப்பையை வாங்கினார், பார்த்தார், மார்போடு வைத்துக்கொண்டு சபைக்கு வணக்கம் சொன்னார். உபயதாரருக்கு நினைவுப்பரிசு கொடுப்பது வழக்கம்தானே, அது தனக்கு என்று நினைத்துவிட்டார். அந்தப் பெண் நீட்டிய கையோடு நின்றாள். வருஷா வருஷம் உபயம் செய்கிறவரிடம் "அது உங்களுக்கு இல்லை" என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? இளங்கோ ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "இவ்வருடத்தின் சிறந்த கலைப் புரவலர் விருதைப் பெறும் அண்ணாச்சி அவர்களுக்குப் பலத்த கரகோஷம்!" என்றார். ஒருவரும் கேள்விப்படாத விருது. தட்டில் இன்னொரு கோப்பை ஏறி அந்தப் பெண் கைக்குப் போனது.

கௌரவம் காப்பாற்றப்பட்டது. ஆனால் விருது வாங்கியவர் பேசவேண்டுமே. அண்ணாச்சி மைக்கை வாங்கினார். சென்னைக்கு பஸ் ஏறியது, பாண்டி பஜார் நடைபாதையில் துண்டு விற்றது, தம்பிமார் ஒவ்வொருவரும் வந்து சேர்ந்தது, கிளைகள் திறந்தது எல்லாம் நிதானமாகச் சொன்னார். இளங்கோ பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே இருந்தார். அந்த ஐந்து நிமிஷம் போய், மேலும் சில நிமிஷங்கள் போயின. மண்டபத்துக்காரர் விளக்கை அணைக்க ஆளை அனுப்பிவிட்டார். மூன்றாவது வரிசையில் மாலதியின் பக்கத்தில் இளங்கோவுக்கென்று ஒதுக்கிவைத்த நாற்காலி கடைசிவரை காலியாகவே இருந்தது.

அண்ணாச்சி படியிறங்கி வந்தார். தொழில் தொழில்தானே, சிரித்த முகமாகக் கையை நீட்டினேன். கோப்பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: "என்னவே, குடுத்துட்டுத் திருப்பிக் கேக்கீரு? எங்க கடையில வித்த துணிய நாங்க திருப்பி எடுக்கதே இல்ல, தெரியும்லா?"

அவார்டு வாங்கப் போனவர்

அடுத்த வருஷம் சேனலுக்குப் புதுத் தலைமை வந்தது. இளங்கோ சந்தோஷமாக எனக்குப் போன் செய்தார். "அண்ணே, இந்தத் தடவை நான் வேலையே செய்ய வேண்டாமாம். ரெண்டு சின்னப் பசங்க தொகுக்கறாங்க. என்னை கீழ உட்காரச் சொல்லிட்டாங்க, மாலதி பக்கத்துல. அவார்டு நிச்சயம்!" எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைக்கு விருதுகளின் தலைப்புகள் வந்தன. வருவது நிச்சயம் என்பதால் அவருடையது மட்டும் முன்பே முடிவாகியிருந்தது: 'வாழ்நாள் தொகுப்பாளர்'. எங்கள் தொழிலில் வாழ்நாள் விருது என்றால் அர்த்தம் ஒன்றுதான். இனிமேல் கூப்பிடப் போவதில்லை என்று இருப்பவர்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். அதை அவருக்குப் போன் செய்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று மாலதி பக்கத்தில் இளங்கோ உட்கார்ந்திருந்தார், சொந்தக் கோட்டில், சொந்த ஷூவில். மேடையில் புதுத் தொகுப்பாளர்களான பெண்ணும் பையனும் பேசப்பேச இவர் உதடும் கூடவே அசைந்தது. மாலதி அடிக்கடி அவர் முழங்காலைத் தட்டினார். நேரம் வந்தது. பேரைக் கூப்பிட்டார்கள். முழுப் பேரையும், ஊர்ப் பேரோடு. ஃப்ளோர் மேனேஜர் கேட்காமலே மண்டபம் கைதட்டியது. நான் அங்கே பார்த்த உண்மையான கைதட்டல் அதுதான் என்று நினைக்கிறேன். இளங்கோ மேடையேறிக் கோப்பையை வாங்கினார். மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

பேச்சு வரவில்லை. கோப்பையைப் பார்த்தார், மூன்றாவது வரிசையைப் பார்த்தார். மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்று அவருக்குப் பழக்கமே இல்லை. மனசு கைவிட்ட இடத்தில் வாய் தானாக ஓடிவிட்டது: "ஒரு சிறிய இடைவேளைக்குப் பிறகு மீண்டும் சந்திப்போம். எங்கேயும் போயிடாதீங்க!"

இத்தனை வருஷமாக அந்தக் குரல் அப்படிச் சொன்னால் என்ன செய்வார்களோ அதை எல்லோரும் செய்தார்கள். மேடை விளக்கு அணைந்தது. கேமராக்காரர்கள் காதுக் கருவியைக் கழற்றினார்கள். வாத்தியக்காரர்கள் டீக்குப் போனார்கள். பாதி மண்டபம் கழிவறைப் பக்கம் எழுந்து நடந்தது. "ஐயோ, அது பிரேக் இல்ல!" என்று சித்ரா மேடம் கத்தியது எனக்கு மட்டும்தான் கேட்டது. அரை இருட்டில் இளங்கோ படியிறங்கி வந்தார். நான் கையை நீட்டவில்லை. அவரே கோப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தன் நாற்காலிக்கு நடந்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். யாராவது மேடைக்குப் போனால் அந்த நாற்காலியில் உடனே வேறு ஆளை உட்காரவைப்பது வழக்கம். காலியாக இருந்தால் கேமராவில் பல் விழுந்த வாய் மாதிரி தெரியும். இளங்கோ திரும்பிப் போனபோது, அந்த இருட்டில், அவர் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்து முட்டை பப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் நின்றார். மாலதி வாய் திறப்பதற்குள் அந்தப் பெண் மரியாதையாகவே சொல்லிவிட்டாள்: "சார், இங்க ஆள் இருக்காங்க. அவார்டு வாங்கப் போயிருக்காரு."

இரண்டாவது மாடி

ஒளிபரப்பில் அந்தக் கட்டத்தை வெட்டவில்லை. இளங்கோ கோப்பையை வாங்குகிறார், கண் கலங்குகிறார், இடைவேளை என்கிறார், உடனே ஜவுளிக்கடை விளம்பரம். வேண்டுமென்றே வைத்த வேடிக்கை என்று ஜனங்கள் ரசித்தார்கள். அவர் சொல்ல நினைத்த நன்றி மட்டும் யார் காதிலும் விழவில்லை.

பேர் பொறித்த கோப்பையை எடுத்துக்கொண்டு ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. லுங்கியில் கதவைத் திறந்தார். தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, மேடைக் குரலில் படித்தார். "வாழ்நாள் தொகுப்பாளர்." பிறகு சாதாரணக் குரலில், "அப்ப இனிமே கூப்பிட மாட்டாங்க. அப்படித்தானே அண்ணே?" என்றார். நான் தண்ணீர் கேட்டேன்.

சமையலறையிலிருந்து மாலதி செம்போடு வந்தார். "போன் வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சா சொல்றதுக்கென்ன?"

"நீங்க சந்தோஷமா கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தீங்க. நடுவுல வந்து என்னத்தைச் சொல்றது?"

இளங்கோ தகட்டை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு, "மாலதி, ஒரு நிமிஷம் உட்காரு. அண்ணே, நீங்களும்" என்றார். மாலதி முருங்கைக்கீரைக் கட்டை மடியில் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். இளங்கோ டிவிக்கு முன்னால் நின்று, கோப்பையை இடது கையில் பிடித்து, தொண்டையைச் செருமினார். "அனைவருக்கும் வணக்கம்" என்றார். மின்விசிறி ஓடும் சின்ன ஹால் அது. குரல் மட்டும் மண்டபத்துக்கானது. முதலில் சேனல் நிர்வாகத்துக்கு நன்றி சொன்னார். நிகழ்ச்சி இயக்குநர், ஒளி, ஒலி, ஒப்பனை, உபயதாரர்கள் என்று வரிசையாகப் போனார். எந்த விழாவில் யார் பேரை முதலில் சொல்வது என்று பழகிய நாக்கு, வரிசை தப்பவில்லை. இடது பக்கப் படியில் நிற்கும் அண்ணனுக்கும் ஒரு நன்றி கிடைத்தது. மாலதி கீரையை உருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "கடைசியாக..." என்று இளங்கோ நிறுத்தினார்.

"லைட்டுப் போட்டவர் வரைக்கும் சொல்லியாச்சு. நான் கடைசியாத்தானா?" என்றார் மாலதி.

"கடைசியாச் சொல்றதுதான் மாலதி பெரிய பேரு. எந்த விழாவுலயும் அதான் முறை."

"இது விழாவா? வீடுதானே?"

அந்த மாதிரி ஒரு சண்டையைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எனக்கு ரொம்ப நாளாகியிருந்தது. எழுந்துபோகாமல் கொஞ்சம் தண்ணீரை மிச்சம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இளங்கோ கோப்பையை டிவி பக்கத்தில் வைக்கப் போனார். அங்கே மாலதிக்கு வங்கியில் கொடுத்த கடிகாரம் இருந்தது. அலமாரி மேல் வைக்கப் போனார், அங்கே அப்பளச் சம்புடம். கோப்பையோடு நடு ஹாலில் நின்றவரைப் பார்த்து, மடியிலிருந்த கீரையில் பாதியை சோபாவில் தன் பக்கத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டே மாலதி சொன்னார்: "அதை ஃப்ரிட்ஜ் மேல வச்சுட்டு இப்படி வந்து உட்காருங்க, பாதிக் கீரை உங்களுக்கு. இனிமே ஞாயித்துக்கிழமை வீட்டுலதானே?"

மேடையில் விருது வாங்க அரை நிமிஷம் போதும், அதற்கு வீட்டில் ஃப்ரிட்ஜ் மேல் ஓர் இடம் கிடைப்பதற்குத்தான் நம்மில் பலருக்கும் ஒரு வாழ்நாள் ஆகிறது.